ஜெர்மனியில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள்

"நீ படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?"

திருச்சியிலிருந்து அம்மா டெலிபோனில் கேட்ட கேள்வி இது. 2018 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேற்படிப்புக்காக நான் ஜெர்மனிக்குப் போய் ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. கொலோன் நகரத்து மாதா கோயில் வாசலில் ஸ்நேகிதிகளோடு நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தேன். படத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு பாங்கிக் கடன்தான் ஞாபகம் வந்தது! அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கடன் பத்திரத்தில் அப்பாவோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவள் ஆயிற்றே.

அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. மகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டுக் கவலைப்படும் தாய்மார்களுக்கும், பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் தங்கைகளுக்கும் உபயோகப்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

சட்னிக்கும் சட்டம் உண்டு!

நான் படித்த ஊரின் பெயர் ஆஹன். ஜெர்மனியின் மேற்கு ஓரம். பெல்ஜியமும் நெதர்லாந்தும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. வெந்நீர் ஊற்றுக்காக அந்தக் காலத்தில் ரோமானியர்கள் தேடி வந்த இடம். ஊர் நடுவே ஒரு மண்டபத்தில் இன்றும் கந்தகத் தண்ணீர் சுடச்சுட விழுந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் போனால் அழுகின முட்டை வாடை! சக்கரவர்த்தி சார்லமேன் ஏறத்தாழ 1,200 வருஷங்களுக்கு முன் எழுப்பிய தேவாலயமும் அங்கேதான் இருக்கிறது. 1978-இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த 12 உலகப் பாரம்பரிய இடங்களில் அதுவும் ஒன்று.

திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பும் லைப்ரரியுமாக ஓடிவிடும். சனிக்கிழமை துணி துவைக்கவும் சாமான் வாங்கவும் சரியாக இருக்கும். ஞாயிறு வந்தால்தான் கஷ்டம். அந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடைகளைத் திறக்கக் கூடாது என்று சட்டம். ரயில் நிலையத்துக் கடை, ரொட்டிக் கடை மாதிரி சிலதற்குத்தான் விலக்கு. சத்தமும் போடக் கூடாது. விஷயம் தெரியாமல் முதல் ஞாயிறு காலையில் நான் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டுவிட்டேன். கதவைத் தட்டினார் ஒரு பெரியவர். கோபமே இல்லாமல், "இன்றைக்கு ஞாயிறு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிறு ஓய்வுக்கு அந்த நாட்டு அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டாம். தேங்காய்ச் சட்னிக்கும் அரசியல் சட்டத்துக்கும் சம்பந்தம் உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்!

குளிர்காலத்தில் இன்னும் மோசம். டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் விடியும். சாயந்திரம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். நடுவில் இருக்கிற எட்டு மணி நேரமும் வானம் ஈயப் பாத்திரம் மாதிரி மங்கிக் கிடக்கும். கடை இல்லை, சத்தம் இல்லை, சூரியனும் இல்லை. அறைக்குள் தனியாக உட்கார்ந்தால், வீட்டில் இந்நேரம் என்ன குழம்பு என்று மனசு ஓடும். அதற்குப் பிறகு எங்கே படிப்பது?

பக்கத்து அறை அக்கா

எங்கள் விடுதியில் மாடிக்கு ஒரே சமையலறை. அங்கேதான் நாங்கள் நாலு பேர் சேர்ந்தோம். நான், கோட்டயத்துப் பெண் ஒருத்தி, கொலம்பியா நாட்டுப் பெண் ஒருத்தி, அப்புறம் என் பக்கத்து அறை மதுரை அக்கா. எனக்கு ஒரு வருஷம் முன்னாலேயே வந்தவள்.

அக்கா அதிகம் பேசமாட்டாள். சமைக்கவும் மாட்டாள். ரொட்டியும் பாக்கெட் நூடுல்ஸும்தான். ஊரிலிருந்து வரும்போதே ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை பாங்கியில் கட்டிவிட வேண்டும். அப்போது அது 8,640 யூரோ. மாதத்துக்கு 720 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. (2024 செப்டம்பரில் இந்த வருஷத் தொகை 11,904 யூரோவாகிவிட்டது.) அந்த 720-லும் மிச்சம் பிடித்தவள் அக்கா. அவளுடைய அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தை பாங்கியில் வைத்திருந்தார்.

கொலோனுக்குக் கிளம்பின அன்று அக்காவையும் கூப்பிட்டேன்.

"நான் வரலம்மா. நீங்க போய்ட்டு வாங்க."

"நீங்க வந்து ஒரு வருஷமாச்சேக்கா. கொலோன் பாத்தாச்சா?"

"படிக்கத்தானே வந்தேன்."

அம்மா பேசுகிற மாதிரியே இருந்தது எனக்கு. ஆனால் என்னிடம் ஒரு பாயிண்ட் இருந்தது. அங்கே ஒவ்வொரு செமஸ்டருக்கும் கட்டுகிற கட்டணத்திலேயே பிரயாண பாஸும் அடக்கம். அப்போது அதை வைத்துக்கொண்டு நார்த் ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலம் முழுக்கச் சாதாரண ரயில், பஸ், டிராம் எதில் வேண்டுமானாலும் ஏற முடிந்தது. அதிவேக ரயிலில் மட்டும் கூடாது.

"பாஸுக்குக் காசு கட்டிக்கிட்டேதானே இருக்கீங்க? காசு குடுத்து வாங்கின சேலையைப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுக் கிழிஞ்சதைக் கட்டிக்கிட்டுத் திரியறது சிக்கனமாக்கா?"

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

தெற்குக் கோபுரம்

கொலோனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கண்ணெதிரே நிற்கிறது அந்த மாதா கோயில். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். 157 மீட்டர் உயரம்! 1248-இல் கட்ட ஆரம்பித்து, நடுவில் பல நூறு வருஷம் வேலை நின்றுபோய், 1880-இல்தான் முடித்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் சுற்றிலும் ஊரே தரைமட்டமானபோது, குண்டுகள் விழுந்தும் இது சாயவில்லை.

கோபுரத்தின் மேலே ஏறிப் பார்க்கலாம். சுருள் படிக்கட்டு. மொத்தம் 533 படி. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டுதான் போக வேண்டும். நடுவே மணிக்கூடம் வருகிறது. அங்கே தொங்கும் பெரிய மணி 1923-இல் வார்த்தது. எடை 24 டன். அதன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்: "இது எந்தப் பக்கத்துக் கோபுரம்?"

"தெற்குக் கோபுரம்னு போட்டிருக்குக்கா."

"எங்க ஊர்லயும் தெற்குக் கோபுரந்தான் உசரம்" என்றாள். மீனாட்சியம்மன் கோயிலைச் சொல்கிறாள்! கேட்காமலே அவள் பேசின முதல் வார்த்தை அதுதான். மேலே போய்ச் சேர்ந்ததும் ரைன் நதியையும் ரயில் பாலத்தையும் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். திரும்பும்போது ரயில் நேரமெல்லாம் அவளே பார்த்துச் சொன்னாள். கண்டக்டர் மகளாச்சே! அன்றிலிருந்து எங்கள் கோஷ்டிக்கு டைம் கீப்பர் அவள்தான்.

முப்பது விநாடியில் மூன்று நாடு

டிசம்பரில் ஒரு ஞாயிறு டவுன் பஸ்ஸில் ஏறி நெதர்லாந்துக்குப் போனோம். ஆமாம், டவுன் பஸ்தான்! ஆஹன் எல்லையை ஒட்டினாற்போல் ஃபால்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து காட்டுப் பாதையில் மேலே நடந்தால் 322 மீட்டர் உயரத்தில் மூன்று நாட்டு எல்லைகள் கூடும் இடம் வருகிறது. பார்த்தால் ஒரு கல் தூண், அவ்வளவுதான். செக்போஸ்ட்டும் கிடையாது, போலீஸும் கிடையாது. கோட்டயத்துப் பெண் கோயிலில் மாதிரி கல்லைப் பிரதட்சிணம் செய்தாள். முப்பது விநாடியில் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் முடிந்தது!

முன்பு அங்கே நாலு எல்லைகள் கூடினவாம். பக்கத்திலிருந்த துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்று தகராறு வந்து, சுரங்கத்தைச் சுற்றியிருந்த நிலத்தை 1816-இல் பொதுவாக விட்டுவிட்டார்கள். யாருக்கும் சொந்தமில்லாத அந்தத் துண்டு நிலத்துக்கு நியூட்ரல் மோரெஸ்னெட் என்று பெயர். முதல் உலக யுத்தம் முடிந்த பின் 1920-இல் பெல்ஜியத்தோடு சேர்ந்துவிட்டது.

அந்த மேட்டில் ஏறும்போதுதான் அக்காவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிளாஸ்கிலிருந்த மிளகு ரசத்தைக் குடிக்க வைத்து, மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தோம். மறுநாள் வலுக்கட்டாயமாக டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்தும் குறைவு, வைட்டமின் டி-யும் குறைவு. அக்டோபரிலிருந்து மார்ச் வரை அந்தப் பிரதேசத்து வெயிலுக்கு நம் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் பலமில்லை என்று டாக்டரம்மாள் சொன்னார். நம்மைப் போல் மாநிறமாகவோ கறுப்பாகவோ இருப்பவர்களுக்கு மற்ற மாதங்களிலும் கூடுதல் வெயில் வேண்டுமாம். மாத்திரை எழுதிக் கொடுத்து, வெயில் இருக்கிறதோ இல்லையோ, தினமும் பகல் வெளிச்சத்தில் அரைமணி நடக்கச் சொன்னார். மேகமூட்டமான பகலில்கூட வெளியே இருக்கிற வெளிச்சம் அறை விளக்கை விடப் பல மடங்கு அதிகம், மனசு சோராமல் இருக்க அது உதவும் என்றார்.

தவறிப்போன பஸ்

ஜனவரிக் கடைசியில் மான்ஷாவ் போனோம். ஆஹனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், மலைப்பாதை. ரூர் என்கிற சிற்றாறு ஊர் நடுவே சலசலவென்று ஓடுகிறது. இரண்டு கரையிலும் மரச்சட்டம் வைத்துக் கட்டின பழைய வீடுகள். கூரையெல்லாம் பனி. பழைய காலத்தில் கம்பளித் துணி நெய்து பணம் சேர்த்த ஊர். 1882-லிருந்து கடுகு அரைக்கிற ஒரு ஆலையும் இருக்கிறது. கல்லில் போட்டு, நாம் மாவு ஆட்டுகிற மாதிரி விழுதாக அரைக்கிறார்கள். தேன் சேர்த்தது, பூண்டு சேர்த்தது என்று விதம் விதமாக வைத்திருந்தார்கள். "இவ்வளவு கடுகு இருக்கு, ஒண்ணாவது வெடிக்குதா பாரு!" என்று அக்கா சொல்ல, சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

ஐந்து மணிக்குப் பஸ் என்று அக்கா சொல்லியிருந்தாள். நாலே முக்காலுக்கே போய் நின்றோம். ஐந்தும் ஆயிற்று, ஐந்தேகாலும் ஆயிற்று. பஸ் வரவில்லை. கோட்டயத்துப் பெண் போய் அட்டவணையைப் பார்த்துவிட்டு வந்தாள். அக்கா பார்த்தது சனிக்கிழமைப் பத்தி! ஞாயிற்றுக்கிழமைப் பஸ் நாலரைக்கே போய்விட்டது. இனிமேல் ஆறரைக்குத்தான்.

பனி கொட்டுகிறது. கூரை மட்டும் போட்ட நிறுத்தம். நாங்கள் யாரும் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இதைக்கூட ஒழுங்காப் பாக்கத் தெரியல. நான் என்னத்தப் பரீட்சை எழுதப் போறேன்!"

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. ஒரு கணக்குப் பாடத்தில் அவள் இரண்டு தடவை தவறியிருந்தாள். அங்கே பெரும்பாலும் ஒரு பரீட்சைக்கு மூன்று வாய்ப்புத்தான். மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பையே விட்டுவிட வேண்டியதுதான். அந்த மூன்றாவது வாய்ப்புக்கு இன்னும் நாலே வாரம் இருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஞாயிறு தோறும் அப்பா போன் செய்தால், "நல்லாப் போகுதுப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாளாம். பத்திரம் பாங்கியில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பகலில் எழுந்திருக்க முடியவில்லை. "ஒரேயடியாத் தூங்கிப் போய்ட்டா நல்லாருக்கும்னுகூடத் தோணிருக்கு" என்றாள்.

எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. நாலு மாதமாகப் போகிறது நான் வந்து. ஒரு சுவர்தானே நடுவில்! கொலம்பியாப் பெண்ணுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அவள்தான் முதலில் போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். ஆறரை வரை நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு, மிச்சமிருந்த புளியோதரையை ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். பஸ் நேரத்துக்கு வந்திருந்தால் அவள் அன்றைக்குப் பேசியிருக்கவே மாட்டாள்.

மறுநாள் காலையில் மாணவர்களுக்கு என்று இருக்கிற மனநல ஆலோசனை நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கே பல்கலைக்கழக ஊர்களில் இது பெரும்பாலும் இலவசம். போனால் யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. அன்று மத்தியானம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அக்கா மதுரைக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு அவளுடைய அப்பா, "முப்பது வருஷம் கண்டக்டரா இருந்தவன் மக! ஞாயித்துக்கெழம டயம் வேறன்னு தெரியாதா ஒனக்கு?" என்று பஸ் விஷயத்துக்குத்தான் திட்டினார்! அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "விட்டா அடுத்த பஸ்ஸு. வீடெல்லாம் எங்கயும் ஓடிறாது. நீ எழுது." அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள்.

பரீட்சை வரை ஞாயிறு தோறும் கிளம்பினோம். ஆனால் அரை நாள்தான். ரயிலில் போக ஒரு மணி, வர ஒரு மணி. அந்த இரண்டு மணி நேரமும் கோட்டயத்துப் பெண் அக்காவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள்.

மார்ச்சில் முடிவு வந்தது. 3.7! அங்கே 1.0 என்றால் முதல் தரம், 4.0 வரை தேர்ச்சி. அக்காவின் அப்பா மட்டும், "மூணு புள்ளி ஏழா? நூத்துக்கா?" என்று கேட்டுப் பயந்துவிட்டாராம்.

ஊர் சுற்றியதால்தான் தேறினாள் என்று சொல்லமாட்டேன். படித்துத்தான் தேறினாள், மருந்து சாப்பிட்டாள், ஆலோசனைக்கும் தவறாமல் போனாள். ஆனால் அந்த மான்ஷாவ் பஸ் நிறுத்தத்துக்கு நாங்கள் சேர்ந்து போயிராவிட்டால், அவள் மூடின கதவுக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. "ஊர் சுத்தப் போனியா?" என்ற அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த ஞாயித்துக்கிழமை எங்கடி போறீங்க?" என்றாள்.

ஏப்ரலில் டிராகன்ஃபெல்ஸ் போனோம். ரைன் நதிக்கரைக் குன்று. மேலே இடிந்த கோட்டை. 1883-லிருந்து ஓடும் பல்சக்கர ரயில் ஒன்று இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் என்பதால் நடந்தே ஏறிவிட்டோம்! ரைன் நதியின் நீளத்தைப் பற்றி அங்கே ஒரு வேடிக்கை கேள்விப்பட்டேன். பல பத்தாண்டுகளாகப் புத்தகங்களில் 1,320 கிலோமீட்டர் என்றே அச்சாகி வந்ததாம். சுமார் 1,230 தான் சரி, இலக்கம் இடம் மாறிவிட்டது என்று 2010-இல்தான் தெரிந்ததாம். "பாத்தியா, பெரிய பெரிய ஆளுங்களே மாத்திப் படிக்கிறாங்க. நான் பஸ் டயத்த மாத்திப் படிச்சா என்ன!" என்றாள் அக்கா.

கிளம்பும் தங்கைகளுக்கு

* ஞாயிறு மற்றும் விடுமுறை நாள் அட்டவணை தனியாக இருக்கும். போகும்போதே திரும்பும் கடைசிப் பஸ்ஸையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

* ரயிலில் ஏறும் இடத்தில் தடுப்பு இல்லையே என்று டிக்கெட் இல்லாமல் ஏறிவிடாதீர்கள். திடீரென்று பரிசோதகர் வருவார். 60 யூரோ அபராதம்!

* எல்லை தாண்டினால் சோதனை இல்லாவிட்டாலும் பாஸ்போர்ட்டும் இன்ஷூரன்ஸ் கார்டும் கையில் இருக்கட்டும். ஐரோப்பிய யூனியன் நாடுகள் எங்கும் அவசர உதவிக்கு 112.

* புளியோதரை, எலுமிச்சை சாதம் நல்லது. பிளாஸ்கில் மிளகு ரசம் அவசியம்.

* ஒரே தடித்த கோட்டை நம்புவதை விட, மெல்லிய உள்ளுடுப்பு, அதன் மேல் கம்பளி, அதன் மேல் காற்றுப் புகாத உடுப்பு என்று அடுக்கடுக்காகப் போடுவது கதகதப்பு.

* அசதி, தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். வைட்டமின் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

* கூப்பிட்டால் "நான் வரல" என்று ஒரு ஸ்நேகிதி சொல்லிக்கொண்டே இருந்தால், விட்டுவிடாதீர்கள். அவள் கதவை இன்னொரு தரம் தட்டுங்கள்.

அக்கா இப்போது ஜெர்மனியிலேயே வேலையில் இருக்கிறாள். 2023-இல் வீட்டுப் பத்திரம் பாங்கியிலிருந்து திரும்பி வந்தது. அந்தக் கோடையில் அப்பாவை வரவழைத்தாள். அந்த வருஷம் மே மாதம்தான் நாடு முழுக்கச் செல்லுபடியாகும் மாத டிக்கெட் 49 யூரோவுக்கு வந்திருந்தது. (பிறகு விலை ஏறிவிட்டது.) அதை அவர் கையில் கொடுத்ததும், "நாடு பூரா ஒரே டிக்கெட்டா? அப்ப கண்டக்டருக்கு என்ன வேலை?" என்றாராம்.

எல்லோருமாக மான்ஷாவ் போனோம். அதே பஸ் நிறுத்தம். அவருக்கு ஜெர்மன் ஒரு எழுத்தும் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டவணை முன்னால் போய் நின்றார். மூன்று பத்திகளையும் விரலால் தடவிக்கொண்டே வந்து, கடைசிப் பத்தியில் நிறுத்தினார்.

"இந்தா இருக்கு பாரு, ஞாயித்துக்கெழம. மூணுலயும் இதுலதான் பஸ்ஸு கம்மி" என்றார்.